எல்லையம்மாவுக்கு அடியில்

மாதப்பனுக்கு அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வயிறு சரியில்லை. தின்றது எதையும் குறை சொல்ல முடியாது. மூன்று நாளாக அவன் ஒழுங்காகத் தின்றால்தானே. பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு வறளும். மாதப்பனுக்கு வயிற்றைப் பிசையும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"என்னாங்க இது, சோத்த அளைஞ்சிக்கிட்டே ஒக்காந்திருக்கறீங்க?" என்றாள் அவன் மனைவி சென்னம்மா.

"மோரிகிட்ட இன்னிக்கி ஆபீசருங்க வர்றாங்க. அந்தக் கெடுபிடிதான்."

"அவங்க வந்தா வரட்டும். தலைவரம்மா பாத்துக்குவாங்க. உங்களுக்கு என்னா?"

அவன் தட்டிலேயே கை கழுவினான். "நான் வர நாழியாச்சின்னா நாலு மணிக்கு நீயே தொறந்து உட்டுடு. பன்னண்டு சுத்து."

"எனக்கே பாடமா?" என்று அவள் சிரித்தாள். அதுவும் நியாயம்தான். பசவநத்தம் ஊராட்சியில் மாதப்பன் பதினோரு வருடமாக டேங்க் ஆப்பரேட்டர் என்று பெயர். அதில் பாதி வேலை சென்னம்மா செய்தது. காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் வால்வைத் திறந்து முந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டும். எந்தத் தெருவிலாவது தண்ணீர் ஏறாவிட்டால் வசவு வாங்க வேண்டும். நாலு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதும். அதுதான் ஊருக்குக் கடிகாரம். சங்கு ஊதி முடிவதற்குள் சென்னம்மாவின் கை வால்வு மேல் இருக்கும்.

மகள் சுவாதி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பு. பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பைக்குள் திணித்தவள், "எப்பா, சாயங்காலம் கடல மிட்டாய்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். காலையில் பிடித்த தண்ணீர் நல்ல தண்ணீர்தான். மாதப்பன் அதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டான்.

ராயசந்திரம் ரோட்டில் ஓடைக்கு மேலே போட்ட சின்னப் பாலத்தை இந்தப் பக்கம் மோரி என்பார்கள். மோரிக்கு அப்பால் ராயசந்திரம் பேரூராட்சி, இப்பால் பசவநத்தம் ஊராட்சி. ஓசூரிலிருந்து கம்பெனிகள் வரிசையாக நீண்டு வந்ததில் மோரியை ஒட்டி நூற்று நாற்பது லைன் வீடுகள் முளைத்தன. மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த குடும்பங்கள் அவற்றில் இருந்தன. வாடகை வாங்கத் தெரிந்தவர்கள் சாக்கடை கட்ட மறந்துவிட்டார்கள். கழிவுத் தொட்டி நிரம்பி வாசல்களில் ஓடியது. பேரூராட்சியைக் கேட்டால், "அது எங்க எல்லை இல்ல." ஊராட்சியைக் கேட்டால், "எங்ககிட்ட சாக்கடைத் திட்டமே இல்ல." இரண்டு வருடம் கடிதம் மட்டும் நன்றாக ஓடியது.

ஊராட்சித் தலைவர் சரோஜம்மாள் விடவில்லை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. புதுக் கலெக்டர் ஆபீஸ் படிகளை அவர் தேய்த்த அளவு யாரும் தேய்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. லைன் வீடுகளின் சாக்கடையை ராயசந்திரம் எடுத்துக்கொள்ளும். புதுக் குடிநீர் லைன் போட்ட பிறகு இரண்டு பக்கமும் அடைத்துப் போட்ட பழைய ஆறு இஞ்ச் பைப் ஒன்று அவர்களிடம் மோரி வரைக்கும் சும்மா கிடக்கிறது. அதன் வழியே பம்ப் வைத்துத் தள்ளிவிடலாம். பதிலுக்கு நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ராயசந்திரத்தின் இரண்டு தெருக்களுக்குப் பசவநத்தம் குடிதண்ணீர் கொடுக்கும். வெள்ளிக்கிழமை இரு தரப்பும் மோரியில் கூட்டாகப் பார்வையிட வேண்டும், திங்கட்கிழமை கலெக்டர் முன்னால் கையெழுத்து. ஊரே சந்தோஷப்பட்டது.

மாதப்பன் ஒருவனுக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்தப் பழைய பைப் மோரியோடு நிற்கவில்லை என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் கங்கப்பன், அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இன்னொருவன் மாதப்பன்.

கங்கப்பன் ராயசந்திரத்தின் டேங்க் ஆப்பரேட்டர். ஐந்து வருடத்துக்கு முன்னால், பசவநத்தம் மாரியம்மன் பண்டிகை நேரத்தில் மோட்டார் எரிந்துபோய் நாலு நாள் தண்ணீர் இல்லை. அப்போதிருந்த தலைவர் ராயசந்திரத்துக்குக் கடிதம் எழுதினார். "நிர்வாக எல்லைக்கு அப்பால் குடிநீர் வழங்க வழிவகை இல்லை" என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் பண்டிகை முடிந்து, பந்தல் பிரித்து, மாமன் மச்சான் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"காயிதம் போட்டா தண்ணி வருமாரா?" என்று சிரித்தான் கங்கப்பன். ஒரு மத்தியானம் இரண்டு பேரும் மோரிப் பக்கத்தில் பள்ளம் எடுத்தார்கள். அவன் லைனையும் இவன் லைனையும் பன்னிரண்டு அடி பைப்பால் சேர்த்து, காயலான் கடையில் எடுத்த பழைய வால்வு ஒன்றை நடுவில் வைத்துப் புதைத்தார்கள். இவன் மோட்டார் எரிந்தால் அவன் கொடுப்பான். அவன் போர் வற்றினால் இவன் கொடுப்பான். ஆபீஸ்கள் இரண்டும் ஜென்மப் பகை கொண்டாட, ஆப்பரேட்டர்கள் இரண்டு பேரும் கைமாற்றுக்குச் சர்க்கரை கொடுத்து வாங்குகிற மாதிரி தண்ணீர் கொடுத்து வாங்கினார்கள்.

இடத்துக்கு அடையாளம் வேண்டுமே என்று யோசித்ததும் கங்கப்பன்தான். "மேல ஒரு கல்ல நட்டு மஞ்ச குங்குமம் பூசிடு. நம்மூருல சாமிக் கல்ல எவன்டா தோண்டுவான்?" நட்டார்கள். ஒரு வாரத்தில் லாரிக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒரு மாதத்தில் லைன் வீட்டுப் பெண்கள் சிவப்புத் துணி கட்டினார்கள். எல்லையில் இருந்ததால் எல்லையம்மா என்று பெயரும் வந்துவிட்டது. கங்கப்பன் வயிறு வலிக்கச் சிரித்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பசவநத்தம் மோட்டார் மறுபடி எரிந்தபோது கங்கப்பன் கடைசியாக அந்த வால்வைத் திறந்தான். மோட்டார் சரியான அன்றைக்கு, "நான் மூடிக்கறேன், நீ போ" என்றான். அதற்கு மறுநாள் நெடுஞ்சாலையில் லாரி அடித்து, அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

மூடினானா? இல்லையா? செத்தவனிடம் போய்க் கேட்க முடியாது. ராயசந்திரத்தார் பழைய பைப்பை இரண்டு முனையிலும் அடைத்த பிறகு வால்வு திறந்திருந்தாலும் வெளியே தெரிய வழியில்லை. பைப்புக்குள் தண்ணீர் நிரம்பி சும்மா நின்றிருக்கும். மாதப்பனும் போய்ப் பார்க்கவில்லை. கங்கப்பன் செத்த பிறகு மோரிப் பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவன் இன்னும் தற்காலிக ஆள்தான். நிரந்தர உத்தரவு இந்த வருடம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அனுமதியில்லாமல் குடிநீர் லைனில் கை வைத்ததற்காகப் பக்கத்து ஒன்றியத்தில் ஒருவனை வேலையை விட்டுத் துரத்திக் கேஸும் போட்டிருந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து இவன் வாயைத் தைத்துக்கொண்டான்.

உடன்பாட்டுச் செய்தி தெரிந்ததும் ஒரு மத்தியானம் கடப்பாரையோடு போனான். எல்லையம்மா சிமெண்ட் மேடை மேல் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் தகரக் கூரை, முன்னால் விளக்கு, சுற்றி நாலு பெண்கள். கடப்பாரையைச் சைக்கிளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பினான். சாக்கடை விடுவது திங்கட்கிழமைக்குப் பிறகுதானே, அதற்குள் ஏதாவது செய்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பயந்தவனுக்கு நாளை என்பது பெரிய உறவுக்காரன்.

மூன்று மணிக்குத் தலைவரம்மாவின் வெள்ளை அம்பாசிடரிலேயே அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிரைவர் நாராயணப்பன் வழியெல்லாம் மாம்பழ விலை பேசிக்கொண்டு வந்தான். மோரியில் ராயசந்திரம் செயல் அலுவலர் ஜீப்பில் சாய்ந்து நின்றார். பேரூராட்சியின் இளம் இன்ஜினியர் ஹரீஷ்குமார் கையில் சுருட்டிய வரைபடத்தோடு ஓடி வந்தான். கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் எடுத்து, பழைய பைப்பின் முனையை வெட்டித் திறந்து வைத்திருந்தார்கள். அருகில் ஒரு டீசல் பம்பு. மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாத நாற்றம்.

"வணக்கம் மேடம். ஒரு நல்ல சேதி. ட்ரையலே பாத்தாச்சு!" என்றான் ஹரீஷ்குமார்.

"என்னா ட்ரையலு?" என்றார் சரோஜம்மாள்.

"பதினொரு மணிக்கு ரெண்டு பக்க அடைப்பையும் வெட்டினோம். பம்ப மாட்டி அரை மணி நேரம் சாக்கடைய உட்டுப் பாத்தோம். ஜம்முனு போகுது. என்னா, அந்தப் பக்கம் பாதிதான் வந்து விழுந்துச்சு. பழைய பைப்பில்லையா, எங்கியோ ஜாயிண்ட்டு ஒழுகுது. மிச்சத்த மண்ணு குடிச்சிருக்கும். அப்பறம் பாத்து அடச்சிக்கலாம்."

மண் குடித்திருக்கும்.

மிச்சம் பாதியை எது குடித்தது என்று மாதப்பனுக்குத் தெரியும். கங்கப்பன் மூடவில்லை. காலைத் தண்ணீர் விட்டு முடித்துக் காலியாகக் கிடந்த பசவநத்தம் குடிநீர் லைனுக்குள் நூற்று நாற்பது வீட்டுச் சாக்கடை ஏறிப் படுத்திருக்கிறது. நாலு மணிக்குச் சங்கு ஊதும். சென்னம்மா பன்னிரண்டு சுற்று திறப்பாள். முதல் குடம் கலங்கலாக வரும். அதைப் பெண்கள் பாத்திரம் கழுவ ஒதுக்கிவிடுவார்கள், எப்போதும் அப்படித்தான். இரண்டாவது குடம் தெளிந்துவிடும். அதைத்தான் குடிப்பார்கள்.

ஹரீஷ்குமாரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று பத்து.

ஊர் மூன்று கிலோமீட்டர். சைக்கிள்கூட இல்லை. கார் வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். "தலைவரம்மா, வண்டி வேணுங்க. ஊருக்குப் போயிட்டு உடனே வந்துடறேன்" என்றான்.

"இப்பத்தான வந்தோம்? லைன் எங்க போகுதுன்னு நீதான காட்டணும். நில்லு."

"அவசரங்க."

"என்னா அவசரம்?"

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். சொன்னான். வால்வு, பன்னிரண்டு அடி பைப், கங்கப்பன், மோட்டார் எரிந்த கதை எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினான். சொல்லி முடித்ததும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

செயல் அலுவலர் முதலில் சிரித்தார். "மேடம், திங்கக்கெழமை கையெழுத்து. வெள்ளிக்கெழமை ஒங்க ஆளு கத சொல்றான். இதுல எதாச்சும் உள்நோக்கம் இருக்குதா?"

"எங்க வரைபடத்துல அப்பிடி ஒரு கனெக்‌ஷனே கெடையாது" என்றான் ஹரீஷ்குமார், சுருளை விரித்துக்கொண்டே.

சரோஜம்மாள் மாதப்பனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. அது வேறு பயம். "டேய், ரெண்டு வருசம்டா. ரெண்டு வருசம் நாயா அலைஞ்சி வாங்கினது. குடிச்சிட்டு வந்தியா?"

"சத்தியமா இல்லம்மா. வண்டியக் குடுங்க. சென்னம்மா நாலு மணிக்குத் தொறந்துடுவா. ஊரு முச்சூடும் அந்தத் தண்ணியக் குடிக்கும்."

"அப்ப வால்வக் காட்டு. காட்டினா வண்டி."

மாதப்பன் எல்லையம்மாவைக் காட்டினான். பம்ப் வேலைக்கு வந்திருந்த ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்தார்கள். லைன் வீட்டுச் சனம் கூடிவிட்டது. சாமி மேடையைத் தொட்டால் கை இருக்காது என்று ஒருவர் கத்த, மேடையைத் தொடாமல் அதை ஒட்டித் தோண்டுங்கள் என்று செயல் அலுவலர் சொன்னார். ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி. செம்மண், சரளை, ஒரு பழைய செருப்பு. மேடைக்கு அடியில் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். இரும்பில் படும் சத்தமே இல்லை. நாலு அடியில் பாறை வந்தது.

"எங்கப்பா வால்வு?" என்றார் செயல் அலுவலர். "சாமி முழுங்கிடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாதப்பன் பள்ளத்தையே பார்த்தான். அவன் கையால் புதைத்த இடம். கல் இருக்கிறது, வால்வு இல்லை. கங்கப்பன் சாகுமுன் வால்வையே பிடுங்கி எடுத்துவிட்டானா? அப்படியும் இருக்கலாமே. மூடுகிறேன் என்று சொன்னது அதைத்தானோ என்னவோ. அந்த நினைப்பை அவன் இறுகப் பிடித்துக்கொண்டான். வால்வு இல்லையென்றால் தப்பும் இல்லை. கேஸ் இல்லை, வேலையும் போகாது. பாதிச் சாக்கடையை நிஜமாகவே மண் குடித்திருக்கும்.

"என்னாடா சொல்ற?" என்றார் சரோஜம்மாள்.

மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "ஞாபகப் பெசகுங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

இதைச் சொன்னபோது மணி மூன்று நாற்பத்தைந்து. அந்த நிமிடம் அவன் ஊமையாகப் போயிருந்தால்கூடப் புண்ணியம். பிற்பாடு எத்தனையோ நாள் அவன் அந்தக் கால் மணி நேரத்தைத் திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்திருக்கிறான்.

தலைவரம்மா பெருமூச்சு விட்டார். வரைபடத்தை விரித்து மறுபடி பேச ஆரம்பித்தார்கள். எந்தத் தெரு வரைக்கும் யார் தண்ணீர், எந்த மூலையில் யார் சாக்கடை, பம்ப் கெட்டால் யார் பார்ப்பது. பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருக்க, மாதப்பன் பள்ளத்து ஓரத்திலேயே நின்றான். கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். ரஞ்சிதா என்று பெயர். மதுரைப் பக்கம், புருஷன் கம்பெனியில் வேலை.

"என்னண்ணே, ஆத்தாளுக்கு அடியில என்னத்தத் தேடுறீக?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு வால்வு."

"வால்வா? அது இங்கன எப்படி இருக்கும்? ஆத்தா இங்கன வந்தே ஆறு மாசந்தானே ஆச்சு."

மாதப்பன் நிமிர்ந்தான். "என்னா சொன்ன?"

"ரோடு அகலம் பண்ணுறப்ப ஆத்தாள மெசினு வச்சு இடிக்கப் போனாய்ங்க. நாங்கதான் விடலையே. பூசாரிய வரவழச்சு, கும்பத்துல எறக்கி, மேளதாளத்தோட தூக்கியாந்து இங்கன வச்சோம். மொத இருந்தது அந்தா..." என்று அவள் குழந்தையின் காலோடு சேர்த்துக் கையை நீட்டினாள். முப்பது அடி தள்ளி, பளபளவென்று தார் போட்ட ரோட்டின் நடுவில், ஒரு டிப்பர் லாரி புழுதியோடு போய்க்கொண்டிருந்தது.

சாமி நகர்ந்துவிட்டது. வால்வு நகரவில்லை.

அப்போது சங்கு ஊதியது.

எத்தனையோ வருடம் கேட்ட சங்குதான். அன்றைக்கு அது அவன் குடலுக்குள் ஊதிய மாதிரி இருந்தது. "அம்மா, வண்டி! வண்டி!" என்று கத்திக்கொண்டே ஓடினான். செயல் அலுவலர் எரிச்சலோடு திரும்பினார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்யா." சரோஜம்மாள் சட்டென்று பள்ளத்தின் பக்கம் திரும்பினார்.

வெட்டித் திறந்து வைத்த பைப்பின் வாயில் களக் களக்கென்று சத்தம் கேட்டது. காற்று வெளியே வந்தது. பிறகு கறுப்பாக, குழம்பாக, நுரையோடு வாந்தி எடுத்தது போலக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் கறுப்பு வெளுத்து, பழுப்பாகி, கடைசியில் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் பாய்ந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவிலும் மாதப்பனின் மூக்குக்கு வாசனை பிடிபட்டது. பிளீச்சிங் பவுடர். காலையில் அவன் கையால் கரைத்து ஊற்றியது.

"இது எங்க தண்ணி" என்றான். "எங்க டேங்க்குத் தண்ணி. அம்மா, கொழாயெல்லாம் இப்ப தொறந்திருக்குது."

செயல் அலுவலர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "மேடம், இது ஒங்க ஆளு செஞ்ச வேல. ராயசந்திரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மொதல்ல அந்த வால்வு யாரு எல்லையில இருக்குதுன்னு அளக்கணும்."

"பைப்பு யாருதுய்யா? பைப்பு உங்களுது!" என்று சரோஜம்மாள் சீறினார். "சொல்லாம கொள்ளாம ட்ரையல் உட்டது யாரு?"

"ரோடு நெடுஞ்சாலைத் துறை..." என்று ஹரீஷ்குமார் இழுத்தான்.

இரண்டு வருடச் சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மாதப்பன் அதற்குள் அம்பாசிடரில் ஏறிவிட்டான். "எடு நாராயணப்பா." டிரைவர் தலைவரம்மாவைப் பார்த்தான். அவர் பேச்சை நிறுத்தாமலேயே போ போ என்று கையை வீசினார்.

அந்த மூன்று கிலோமீட்டர் போல நீளமான பாதையை மாதப்பன் அதற்கு முன்னால் கண்டதில்லை. ஊர் எல்லையைத் தொட்டதும் முதல் குழாயடி. குடங்கள் வரிசையாக நின்றன. ஒருத்தி நிரம்பிய குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. எத்தனை குழாயில் எத்தனை பேரை இறங்கித் தடுப்பது? வால்வை மூடினாலும் குடத்துக்குள் போனது போனதுதான்.

"மாரியம்மன் கோயில்ல என்ன எறக்கிட்டு நீ நேரா டேங்க்குக்குப் போ. மூடச் சொல்லு சென்னம்மாகிட்ட" என்றான்.

கோயில் மண்டபத்தில் ஊராட்சி மைக் இருந்தது. ஸ்விட்சைப் போட்டான். கொய்யென்று இரைந்தது. வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். வண்டியில் வரும்போதெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தவன்தான். ஆனாலும் பழகிய பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"ஊராட்சி அறிவிப்பு. ஊராட்சி அறிவிப்பு. சில காரணங்கள முன்னிட்டு இன்னிக்கி வர்ற தண்ணிய யாரும் குடிக்க வேணாம்னு கேட்டுக்கறோம். ஊராட்சி அறிவிப்பு."

கோயிலுக்கு எதிரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் தலையைக்கூடத் திருப்பவில்லை. அந்த மைக்கில் தினமும்தான் வீட்டு வரி, கிராமசபை, போலியோ சொட்டு மருந்து என்று ஏதாவது அலறும். யார் காதில் வாங்குவார்கள்? மறுபடியும் சொன்னான். அவள் குடத்தை மாற்றி வைத்தாள். பக்கத்தில் நின்ற குழந்தை குழாயில் கையேந்தியது.

மாதப்பன் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

"நான் டேங்க்கு மாதப்பன் பேசறேன்! தண்ணியில சாக்கட கலந்திருக்குது! மோரிகிட்ட யாருக்கும் தெரியாம பைப்பு போட்டவன் நான்தான்! தப்பு என்னுது! பயந்துக்கிட்டு ஆருகிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்! குடிக்காதீங்க, புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க! நீள்ளு தாகொத்து! நீரு குடிபேடி! மாதப்பன் சொல்றேன், கொட்டிடுங்க! குடிச்சவங்க கோயிலுக்கு வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்!"

எதிரே நின்றவள் சட்டென்று குழந்தையின் கையைத் தட்டிவிட்டாள். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை என்று தொண்டை கட்டும் வரைக்கும் அதையே சொன்னான். பெயரை ஒரு தடவைகூட விடவில்லை. தெருவில் குடங்கள் கவிழும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. யாரோ அவன் அம்மாவை இழுத்து வைதார்கள். வையட்டும் என்று இருந்தது. ரோடு நனைந்து மேட்டுத் தெருவிலிருந்து தண்ணீர் இறங்கி வந்தபோதுதான் மைக்கைக் கீழே வைத்தான்.

கோயில் படியில் ஏழெட்டுப் பேர் குழந்தைகளோடு வந்து நின்றார்கள். நாராயணப்பன் காரைத் திருப்பிக்கொண்டு வந்தான். "மூடியாச்சு" என்றான். அவன் பின் சீட்டைப் பார்க்காமலேயே பேசினான்.

பின் சீட்டில் சென்னம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் சுவாதி, இன்னும் பள்ளிக்கூடச் சீருடையில். மாதப்பன் கதவைத் திறந்தான். சென்னம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. அவன் எதிர்பார்த்தது அதைத்தான்.

"ஸ்கூல் உட்டு ஓடியாந்தா" என்றாள். "தண்ணின்னா. அப்பத்தான் புடிச்ச கொடத்துல ஒரு டம்ளர் மோந்து குடுத்தேன்."

"எப்ப?"

அவள் சுவாதியின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"எப்ப குடுத்த? மைக்குல சொன்னது கேக்கலியா?"

"கேட்டுச்சி. ஊராட்சி அறிவிப்புன்னு மொத தடவ சொன்னீங்களே, அப்ப. வரி கட்டச் சொல்றாங்கன்னு நெனச்சேன்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீங்க பேரச் சொன்னப்ப டம்ளரு காலி."

மாதப்பன் ஏறி உட்கார்ந்தான். படியில் நின்றவர்களில் கைக்குழந்தை வைத்திருந்த மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். மற்றவர்களை ஏற்ற டிராக்டர் வரும் என்று யாரோ கத்தினார்கள். ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போக, கார் மறுபடி ராயசந்திரம் ரோட்டில் திரும்பியது. சுவாதிக்கு எதுவும் புரியவில்லை. அத்தனை பேரோடு அம்பாசிடரில் போவது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"வயிறு வலிக்குதா கண்ணு?"

"இல்லப்பா."

மோரி வந்தது. ரோட்டோரத்தில் செயல் அலுவலரும் தலைவரம்மாவும் இன்னும் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹரீஷ்குமார் ஒரு டேப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டை அளந்துகொண்டிருந்தான். எல்லையம்மாவின் மேடையைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. நாராயணப்பன் வேகத்தைக் குறைக்கவில்லை.

"இப்ப வலிக்குதா?"

"இல்லன்னு சொன்னேன்லப்பா. கடல மிட்டாய் எங்க?"

மாதப்பன் அவளை மடிக்கு இழுத்துக்கொண்டான். சீருடைக்கு மேலே அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் எடுக்கவில்லை.